எத்தனை புழு, என்ன புழு

மண்ணைத் தோண்டி மண்புழுக்களைப் பொறுக்கி, வகை பிரித்து, எண்ணி, எடை போட்டுக் குறிப்பெழுதுவது என் வேலையாக இருந்தது. ஆனைமலைத் தொடரில் வால்பாறைப் பீடபூமியின் எஸ்டேட்டுகளில்தான் பெரும்பாலும் தோண்டினேன். நீலகிரியிலும் சில பருவங்கள். தேயிலை, காபி, ஏலம், யூகலிப்டஸ், காய்கறி, இவற்றுக்கிடையே தப்பிப் பிழைத்த மழைக்காட்டுத் துண்டுகள் என்று நிலத்தின் பயன் மாற மாற மண்ணுக்குள் இருக்கும் உயிர் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பதே வேலையின் நோக்கம். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. புழு நிறைய இருக்கிறது என்பதை வைத்து மண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எத்தனை என்று கேட்ட வாயால் என்ன வகை என்றும் கேட்டாக வேண்டும்.

வால்பாறை இதற்கு வாய்ப்பான ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இங்கே மழைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். மலை ஒன்று, பாறை ஒன்று, மழை ஒன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சரிவில் தேயிலை, அடுத்த சரிவில் காபி, ஓடைக்கு அந்தப்பக்கம் காடு. மண்ணின் பிறப்பு ஒன்றாக இருந்து வளர்ப்பு மட்டும் வேறானால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்படி ஓர் இடம் எளிதில் அமையாது.

எண்ணும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டல மண்ணின் உயிர்களை எண்ண ஆண்டர்சன், இங்கிராம் இருவரும் தொகுத்த கையேடு உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 25 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண் கட்டியை முழுசாக எடுக்க வேண்டும். இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் கிடக்கும் சருகை முதலில் தனியாக அள்ளிக்கொள்வோம். பிறகு கட்டியைச் சுற்றிலும் வாய்க்கால் மாதிரி பள்ளம் பறிப்போம். கட்டி தனித்து நின்றதும் மேலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டராக மூன்று அடுக்காய் வெட்டி, அடுக்குக்கு ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, கையால் உதிர்த்துத் தேடுவோம். ஒரு கட்டியில் ஏறக்குறைய இருபது கிலோ மண் இருக்கும். கிடைத்த எண்ணிக்கையைப் பதினாறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு. கட்டியில் ஐந்து புழு என்றால் சதுர மீட்டருக்கு எண்பது. ஒரு புழுவைத் தவறவிட்டால் பதினாறு புழு கணக்கில் குறையும் என்பதால், மண் உதிர்க்கும்போது பேச்சு நின்றுவிடும்.

எண்ணுவதற்குக் காலமும் உண்டு. மழைக்காலத்தின் கடைசிப் பகுதிதான் சரி. வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்கு மழை விட்டுவிட்டுப் பெய்யும் அக்டோபர், நவம்பரில் மண் பதமாக இருக்கும், புழுக்கள் மேல் அடுக்கில் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் போய்த் தோண்டினால் பாதிப் புழு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். மீதி சின்ன உருண்டை அறைக்குள் உடம்பை முடிச்சாகச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கோடையில் ஒரு தோட்டத்திலும் மழையில் இன்னொரு தோட்டத்திலும் எண்ணி இரண்டையும் ஒப்பிடுகிறவர் பருவத்தை அளக்கிறார், நிலத்தை அளக்கவில்லை.

மழையில் வேலை என்றால் அட்டையோடு வேலை. புகையிலைச் சாற்றில் நனைத்து உலர்த்திய காலுறை, இடுப்பில் கொஞ்சம் உப்பு, சுண்ணாம்பு. தோண்டுகிறவனுக்கு இன்னும் சில பழக்கங்கள் வேண்டும். புழுவைத் தேடி நாம் மட்டும் வருவதில்லை. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் கேடயவால் பாம்புகள் மண்ணுக்குள்ளேயே திரிந்து பெரும்பாலும் மண்புழுவைத்தான் தின்கின்றன. சிசிலியன் என்னும், தவளைக்கு உறவான காலில்லாப் பிராணியும் அப்படித்தான். பார்த்தால் தடித்த புழு மாதிரியும் இருக்கும், பாம்பு மாதிரியும் இருக்கும். இரண்டுக்கும் மனிதனைக் கடித்துக் கொல்லும் விஷம் கிடையாது. ஆனாலும் மண்வெட்டியில் தட்டுப்பட்டதும் அடித்துவிடுவார்கள். என்னோடு வேலை செய்தவர்களிடம் நான் முதல் நாளே கேட்டுக்கொள்வது இதுதான்: வெளியே வந்தால் ஓரமாக எடுத்து விடுங்கள், புழு இருப்பதற்கு அவை சாட்சி.

காட்டிலிருந்து தொடங்குகிறேன். மழைக்காட்டுத் துண்டுக்குள் முதல் முறை தோண்டுகிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். கட்டிக்கு இரண்டு, மூன்று புழுதான் பல இடங்களில் கிடைக்கும். சில கட்டிகளில் ஒன்றும் இருக்காது. ஆனால் கிடைப்பதைத் தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று போல் ஒன்று இருக்காது. சருகுக்குள் துள்ளி ஓடும் கருஞ்சிவப்புச் சிறுபுழு ஒன்று. பத்து சென்டிமீட்டருக்குள் மண்ணைத் தின்றுகொண்டிருக்கும் வெளிறிய புழு ஒன்று. இன்னும் ஆழத்தில், நீலச்சாயல் படிந்த பருத்த டிராவிடா ஒன்று. டிராவிடா, மெகாஸ்கோலெக்ஸ் போன்ற பேரினங்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். நிலம்பூர்ப் பக்கம் முதலில் அறியப்பட்ட டிராவிடா நிலம்பூரென்சிஸ் ஒரு மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது.

மண்புழுக்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் பூஷே. சருகில் வாழ்ந்து சருகையே தின்பவை முதல் கூட்டம். மண்ணுக்குள் குறுக்கும் நெடுக்கும் துளைத்து, மண்ணோடு கலந்த மட்கைத் தின்பவை இரண்டாம் கூட்டம். ஆழத்துக்குச் செங்குத்தாக வளை போட்டு, மேலே வந்து சருகை உள்ளே இழுத்துச் செல்பவை மூன்றாம் கூட்டம். முதல் கூட்டம் சருகை நொறுக்குகிறது, மூன்றாம் கூட்டம் காற்றும் நீரும் இறங்க வழி திறக்கிறது, இரண்டாம் கூட்டம் எல்லாவற்றையும் மண்ணோடு பிசைகிறது. காட்டு மண்ணில் எண்ணிக்கை குறைந்தாலும் இந்த வேலைப் பங்கீடு கலையாமல் இருக்கிறது. நான் காட்டின் கணக்கை மற்ற எல்லா நிலத்துக்கும் அளவுகோலாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

காபித் தோட்டம் அடுத்தது. வால்பாறையில் பல தோட்டங்களில் காட்டு மரங்களின் நிழலிலேயே காபி நிற்கிறது. ஏலமும் அப்படித்தான். வெட்டாமல் விட்ட பெருமரங்கள், இடையிடையே சில்வர் ஓக், கல்யாண முருங்கை. சருகு உதிர்ந்துகொண்டே இருக்கும், வெயில் தரையில் விழாது. காபிக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்க அவ்வப்போது சுண்ணாம்பும் போடுவார்கள். இத்தனையும் புழுவுக்குச் சாதகம். காட்டைவிடக் காபித் தோட்டத்தில் கட்டிக்கு அதிகப் புழு கிடைப்பது எனக்கு வழக்கமான அனுபவம். சருகின் தரத்தையும் கண்ணால் பார்க்கலாம். கல்யாண முருங்கை இலையில் தழைச்சத்து அதிகம், ஒரு மழைக்குள் மட்கிப் புழுவுக்கு உணவாகிவிடும். சில்வர் ஓக் இலை துவர்ப்பும் விறைப்பும் உள்ளது, தரையில் நாள்பட்டுக் கிடக்கும். இரண்டும் கலந்து நிற்கும் இடத்தில்தான் புழு நன்றாக இருக்கும், ஏனென்றால் ஒன்று உணவு, மற்றது போர்வை.

காபியில் கவனிக்க வேண்டியது செம்பு. இலைத்துரு நோய்க்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பது தலைமுறைப் பழக்கம். தேயிலையிலும் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்துகள் உண்டு. இலையில் அடித்த செம்பு கடைசியில் மண்ணில்தான் சேர்கிறது. அது மட்கிப் போகும் பொருள் அல்ல. மருந்து கலக்கும் தொட்டியைச் சுற்றியுள்ள மண்ணை எங்கே தோண்டினாலும் புழு இருக்காது. மண் பார்க்க வேர்பிடித்து நன்றாகவே இருக்கும்.

தேயிலைதான் பீடபூமியின் பெரும்பகுதி. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை. பெரும்பாலான புழுக்களுக்கு அந்தக் கீழ்வரம்பே கடைசி எல்லை. அம்மோனியம் சல்பேட், யூரியா என்று ஆண்டாண்டாய்ப் போட்டு வந்தால் மண் இன்னும் புளிக்கும். களைக்கொல்லி அடித்துத் தரையைத் துடைத்து வைத்த நிலத்தில் மழைத்துளி நேராக மண்ணில் அறையும். எஸ்டேட்டில் தேயிலை நிலத்தையும் காடு என்றுதான் சொல்வார்கள், எண் வைத்து. ஒருமுறை அப்படி ஒரு நம்பர் காட்டில் சட்டத்தை வைத்தபோது, கொழுந்துக் கூடையோடு மேலே போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா நின்று, "சார், அங்க எதுக்குத் தோண்டறீங்க, அது மருந்தடிச்ச காடு. புழு வேணும்னா லயத்துக்குப் பின்னால போங்க, வாழைக்குட்டைகிட்ட. எங்க பசங்க தூண்டிலுக்கு அங்கதான் எடுக்கறாங்க" என்றார். சொன்னபடியே இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்குப் பின்னால் சாணமும் சமையல் தண்ணியும் சேரும் வாழையடியில் மண்வெட்டி வைத்த இடமெல்லாம் புழு. அதற்குப் பிறகு எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் மீன் பிடிக்கிற பிள்ளைகளிடம் முதலில் விசாரித்துவிடுவேன். புழு எங்கே உண்டு, எந்த மாதம் உண்டு என்பது அவர்களுக்கு அத்துபடி.

ஆனால் தேயிலை எல்லாமே வறட்சி என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். ஒரே காட்டுக்குள் செடித் தூரை ஒட்டித் தோண்டினால் ஒரு கணக்கு, ஆள் நடக்கும் தடத்தில் வேறு கணக்கு. கவாத்து வருடம் இன்னும் வித்தியாசம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவார்கள். அப்போது விழும் இலையும் மிலாறு எனப்படும் சிறு கிளையும் தேயிலை நிலத்துக்குக் கிடைக்கும் மிகப்பெரிய சருகுப் படையல். அதை வரிசைக்கிடையிலேயே பரப்பி விட்ட காடுகளில் அடுத்த மழைக்கே புழு ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கு விறகாக மிலாறு முழுவதும் போய்விட்ட காடுகளில் ஏறாது. தொழிலாளர் வீட்டில் எரிவாயு உருளை இருக்கிறதா இல்லையா என்பதற்கும் தேயிலை மண்ணில் புழு இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் மேலாளர்களிடம் சொல்வேன். விறகுக்கு வழி செய்து கொடுத்துவிட்டு மிலாறை மண்ணுக்கு விடுங்கள் என்பேன்.

தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலனுக்கு விறகாக வளர்க்கும் யூகலிப்டஸ் நிலத்தில்தான் என் தட்டு பெரும்பாலும் காலியாக இருந்தது. உதிர்ந்த இலை எண்ணெயும் துவர்ப்பும் உள்ளது, தரை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. நீலகிரியின் உருளைக்கிழங்கு, கேரட் நிலங்கள் இன்னொரு வகை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கொத்திப் புரட்டுவதால் புழுவுக்கு வளை நிலைக்காது. உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதை அடக்கக் கார்போபியூரான் குருணை போடும் வழக்கம் பரவியது. நூற்புழுவுக்குப் போட்ட மருந்து மண்புழுவையும் விடாது. மண்புழுவுக்கு மிகக் கடுமையான நஞ்சுகளில் அது ஒன்று. அதே சரிவில் தொழு உரம் போட்டு, பயிர் சுழற்சி செய்து, குருணையைத் தொடாத நிலத்தில் புழு இருந்தது.

இதுவரை சொன்னது எத்தனை என்ற கேள்வி. இனி என்ன வகை என்பது. காபித் தோட்டத்திலும் வாழையடியிலும் தேயிலையிலும் கிடைத்த புழுக்களைக் கழுவித் தட்டில் வைத்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது ஒரே முகமாக இருக்கும். வெளிர் உடம்பு, இளஞ்சிவப்புத் தலைப்பக்கம், மஞ்சளான கழுத்துப்பட்டை. வாலை இரண்டு விரலுக்கிடையே உருவினால் சொரசொரவென்று இருக்கும், வால்பக்கத்து முட்கள் பெருத்து மாற்றி மாற்றி அமைந்திருப்பதால். இதுதான் பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ். 1857இல் பிரேசிலில் வாழ்ந்த ஃப்ரிட்ஸ் மியூல்லர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். தாயகம் தென் அமெரிக்கா. செடி, கிழங்கு, வேர்மண் போன வழியெல்லாம் கூடவே போய் இன்று வெப்பமண்டல நாடுகள் முழுவதும் குடியேறிவிட்டது. இணை இல்லாமலே இனம் பெருக்கும், ஆதலால் ஒரே ஒரு புழு போதும் ஒரு தோட்டத்தை நிரப்ப. புளிப்பு, வறட்சி, மட்குக் குறைவு எல்லாவற்றையும் தாங்கும். காட்டை வெட்டிய இடத்தில் பூர்வகுடிகள் ஒதுங்கிக்கொள்ள, இது நிற்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காடு குலையக் குலையப் புழுச் சமூகம் எப்படி மாறுகிறது என்பதை எரிக் பிளான்சார்ட்டும், இந்திய மண்புழு வகைப்பாட்டில் பெயர்பெற்ற ஜே. எம். ஜூல்காவும் 1997இல் எழுதியிருக்கிறார்கள். நான் கையால் பொறுக்கிப் பார்த்ததும் அந்தத் திசையில்தான். காட்டுத் துண்டின் நடுவில் நின்று விளிம்பை நோக்கித் தோண்டிக்கொண்டே வந்தால், பாதை, ஓடைக்கரை, விளிம்பு என்று வரவர டிராவிடா குறையும், சொரசொர வால் கூடும். விளிம்பைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கினால் பெரும்பாலும் அதுதான்.

அந்நியப் புழு என்பதற்காக அதை நான் வெறுக்கவில்லை. வேறெந்தப் புழுவும் நிற்காத தேயிலை மண்ணில் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பது அதுதான். ஆனால் அது மண்ணுக்குள் வாழும் கூட்டம். அதன் எச்சம் அழுத்தமான உருண்டை. சருகை நொறுக்குபவையும் செங்குத்து வளை போடுபவையும் இல்லாமல் இது மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலின் மனௌஸ் அருகே சான்று கிடைத்தது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில் இந்த ஒரே புழு பெருகி, மண்ணின் பெருந்துளைகளை அடைத்து, கனரக இயந்திரம் ஏறி இறங்கிய அளவுக்கு இறுக்கிவிட்டதை 1999இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். புழு இருந்தும் மண் மூச்சடைத்தது. வால்பாறையில் அந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. ஆனாலும் சருகு இல்லாத காபி விளிம்புகளில், மழை விட்டபின் புழுமண் பிசைந்து காய்ந்து ஓடு போல் படிந்திருப்பதைப் பல இடங்களில் கண்டேன். பக்கத்திலேயே சருகு மூடிய இடத்தில் அதே புழு, மண்ணோ பொலபொலவென்று குருணையாக. புழு ஒன்றுதான், அதற்குக் கிடைத்த உணவும் கூட்டாளிகளும் வேறு.

1881இல் டார்வின் தம் கடைசி நூலை மண்புழுவுக்காக எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுவின் உடல் வழியே போகிறது என்று கணக்கிட்டார். பத்து ஆண்டு கழித்து 1891இல் வந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை, நடராசன் என்ற பாத்திரத்தின் வாயால் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைப் போற்றினார். உழவனின் நண்பன் என்று பள்ளிப் பாடத்தில் படித்த நமக்கு அந்த மரியாதை பழக்கமானது. அந்த நட்பு உழைப்பாக மாற வேண்டுமானால் புழுவுக்குத் தீனி வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

அந்தத் தீனிக்கு வழி காட்டிய சோதனை நம் வால்பாறைப் பகுதியிலேயே நடந்தது. 1990களில் சம்பல்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பி. கே. சேனாபதி, பிரான்சின் பேட்ரிக் லாவெல் ஆகியோர் பாரி அக்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து ஷேக்கல்முடித் தோட்டத்தில் செய்தார்கள். தேயிலை வரிசைகளுக்கிடையே பள்ளம் வெட்டி, கவாத்து மிலாறும் மட்கும் அடுக்கி, மண்புழுவை விட்டு மூடினார்கள். பல்லாண்டு ரசாயன உரத்தால் தளர்ந்த மண்ணில் விளைச்சல் தெளிவாக உயர்ந்தது. புழுவை மட்டும் கொட்டாமல் அதன் உணவையும் சேர்த்துப் புதைத்ததில்தான் அந்த முறையின் அறிவு இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், இன்று மூட்டை மூட்டையாகப் புழு வாங்கித் தோட்டத்தில் விடுகிறார்கள். விற்கப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் யூட்ரிலஸ் யூஜீனியே, ஐரோப்பாவின் ஐசீனியா ஃபெட்டிடா. இரண்டும் சாணக் குவியலிலும் தொட்டியிலும் உரம் செய்வதற்கு அருமையானவை. வெறும் செம்மண் சரிவில் விட்டால் மடிந்துபோகும். உரத்தைத் தொட்டியில் செய்து வயலுக்குக் கொண்டுவாருங்கள், தொட்டிப் புழுவை வயலில் தேடாதீர்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. அடுத்த ஐப்பசியில் உங்கள் நிலத்தில் நாலைந்து இடத்தில் ஒரு சாண் அகலம், ஓர் அடி ஆழம் தோண்டி, மண்ணை வெள்ளைத் துணியில் உதிர்த்துப் பாருங்கள். பக்கத்தில் காடோ கோயில் சோலையோ இருந்தால் அனுமதி கேட்டு அங்கேயும் ஒரு குழி. எண்ணுங்கள், பிறகு வகை பிரியுங்கள்: சருகில் எத்தனை, மண்ணில் எத்தனை, ஆழத்தில் எத்தனை, எல்லாமே சொரசொர வாலா. ஒரே வகைதான் என்றால் உரக்கடைக்குப் போகும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். கவாத்துக் கழிவை வெளியே விடாதீர்கள். நிழல் மரத்தில் ஒரே சாதியை நடாதீர்கள். ஓடைக்கரைக் காட்டை ஒரு செடிக்காகவும் குறைக்காதீர்கள், ஏனென்றால் இந்த மண்ணின் சொந்தப் புழுக்கள் திரும்பி வருவதென்றால் அங்கிருந்துதான் வர வேண்டும்.